1960-ல் ஒரு ராக் அண்ட் ரோல் டிஜே எந்த வழியில் போயிருக்கலாம்?

1959 நவம்பரில், ஏபிசி ஒலிபரப்பு நிறுவனத்துக்குச் சொந்தமான நியூயார்க்கின் டபிள்யூஏபிசி வானொலி நிலையத்தார், அங்கே ராக் அண்ட் ரோல் ரெக்கார்டு போடும் டிஜேயாக இருந்த ஆலன் ஃப்ரீடிடம் ஒரு தாளை நீட்டினார்கள். ரெக்கார்டு போடுவதற்காக யாரிடமும் பணமோ பரிசோ வாங்கியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை தங்கும். ஃப்ரீட் போடவில்லை. இப்படிக் கேட்பதே தன் பெயருக்கு இழுக்கு என்றார். வேலை போனது.

அதே மாதம், அதே ஏபிசி நிறுவனம், ஃபிலடெல்ஃபியாவில் தன் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த டிக் கிளார்க்கிடமும் விசாரித்தது. அவருக்குப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. இசைத் தொழிலில் உள்ள பங்குகளை விற்றுவிட்டால் நிகழ்ச்சி அவருக்கே என்றார்கள். அவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் ஃப்ரீடுக்கு நீட்டிய தாள் அல்ல, அவருக்கென்றே தனியாக எழுதியது. அப்போது கிளார்க்குக்கு ரெக்கார்டு கம்பெனி, பதிப்புரிமை, அச்சு ஆலை என்று 33 நிறுவனங்களில் பங்கு இருந்தது. எல்லாவற்றையும் விட்டார். நிகழ்ச்சி 1989 வரை அவர் கையில் ஓடியது. ஃப்ரீட் 1965 ஜனவரியில், 43 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்துபோனார்.

ஒருவர் பிடிவாதக்காரர், இன்னொருவர் சாமர்த்தியசாலி என்று இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. அந்தக் காலத்து ஒலிபரப்புப் பதிவுகளை வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறேன். கேட்கக் கேட்க, இந்த இரண்டு பேருக்கு நடுவே எத்தனை விதமான பிழைப்பு இருந்தது என்பதுதான் புலப்படுகிறது. அதனால் இப்படி யோசித்துப் பார்க்கிறேன். 1960. உங்களுக்கு 25 வயது. நல்ல குரல், அதைவிட நல்ல காது. ஒரு சின்ன ஊர் நிலையத்தில் இரவு நேரம் ரெக்கார்டு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து எங்கே போவது?

ஒவ்வொரு வழியிலும் இரண்டு கேள்விதான் கேட்கப்போகிறேன். எந்த ரெக்கார்டைப் போடுவது என்று யார் முடிவு செய்கிறார்? உங்கள் வீட்டு அடுப்பு யார் காசில் எரிகிறது? மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

ரெக்கார்டு என் கையில்

ஃப்ரீட் போன வழி இது. 1951-ல் கிளீவ்லேண்டின் டபிள்யூஜேடபிள்யூ நிலையத்தில் அவர் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு ரெக்கார்டு கடைக்காரர். லியோ மின்ட்ஸ் என்ற அந்தக் கடைக்காரர், கறுப்பினத்தவருக்கென்று வெளியாகும் ரிதம் அண்ட் புளூஸ் ரெக்கார்டுகளை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் தேடி வந்து வாங்குவதைக் கவனித்தார். நீ இதைப் போடு, விளம்பரக் காசு நான் தருகிறேன் என்றார். அடுத்த வருஷம் மார்ச் 21-ல் கிளீவ்லேண்ட் அரங்கில் ஃப்ரீட் ஒரு நடனக் கச்சேரி வைத்தார். ஏறக்குறைய 10,000 பேர் கொள்ளும் இடத்துக்கு அதைப் போல் இரண்டு மடங்கு கூட்டம் வந்து கதவை முட்டியது. கச்சேரி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. ஒரு குரல் ராத்திரியில் ரேடியோவில் சொல்லியே அத்தனை பேரைத் திரட்டிவிட்டது என்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கும். தடித்த டெலிபோன் டைரக்டரி ஒன்றை மேஜைமேல் போட்டுக்கொண்டு பாட்டின் தாளத்துக்கு உள்ளங்கையால் அதை அறைவார். மாட்டு மணியை ஆட்டுவார். சாக்ஸஃபோன் உச்சத்துக்குப் போகும்போது மைக்கைத் திறந்துவிட்டு அதன்மேலேயே கத்துவார். பதிவில் கேட்டால் பாட்டு எங்கே முடிகிறது, மனுஷன் எங்கே தொடங்குகிறார் என்றே தெரியாது. இன்னொன்று, அதுதான் முக்கியம். கறுப்பினப் பாடகரின் பாட்டை ஒரு வெள்ளைப் பாடகர் திருப்பிப் பாடி வெளியிட்டால் ஃப்ரீட் அந்த நகலை ஒதுக்கிவிட்டு மூலப் பாட்டைத்தான் போடுவார். வெள்ளை நகல்கள் அதிகம் விற்ற காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மெம்ஃபிஸில் டூயி ஃபிலிப்ஸும் இதே ஜாதி. 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ரெக்கார்டை டபிள்யூஹெச்பிக்யூ நிலையத்தில் திரும்பத் திரும்பப் போட்டவர் அவர். கூச்சத்தில் சினிமாக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்திருந்த பையனை வீட்டார் தேடிக் கூட்டிவர, ஸ்டுடியோவில் உட்கார வைத்து, மைக் திறந்திருப்பதைச் சொல்லாமலே பேச்சுக் கொடுத்தார். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹ்யூம்ஸ் என்றான் பையன். பள்ளிகள் நிறவாரியாகப் பிரிந்திருந்த ஊர் அது. அந்த ஒரு பெயரில், பாடியவன் வெள்ளைக்காரன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. அத்தனை நேரம் அவர்களில் பலர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இந்த வழியில் அடுப்பு யார் காசில் எரிந்தது? இங்கேதான் சிக்கல். வாரந்தோறும் கட்டுக்கட்டாகப் புது ரெக்கார்டுகள் வந்து குவியும். எதைப் போடுவது என்பது ஒரே ஒரு ஆளின் கையில். சின்ன ரெக்கார்டு கம்பெனிகளுக்கு விளம்பரம் செய்யப் பணம் கிடையாது, அந்த ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க முடியும். இதற்குப் பேயோலா என்று பெயர் வைத்தார்கள். காசு என்ற சொல்லையும் பழைய கிராமஃபோன் பெட்டியின் பெயரையும் ஒட்டவைத்த சொல் அது. மத்தியச் சட்டப்படி அப்போது அது குற்றமாக இருக்கவில்லை. 1960 செப்டம்பரில்தான், 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. ஃப்ரீடை மாட்டியது நியூயார்க்கின் வணிக லஞ்சச் சட்டம். 1962-ல் இரண்டு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார், 300 டாலர் அபராதம் கட்டினார். பின்னாலேயே வருமானவரி வழக்கும் வந்தது.

பேயோலாவை நான் நியாயப்படுத்தவில்லை. சக் பெர்ரியின் 1955-ம் வருஷப் பாட்டு ஒன்றில் எழுதாத ஃப்ரீடின் பெயரும் பாடலாசிரியராக ஏறி உட்கார்ந்தது. முழு உரிமையும் பெர்ரிக்குத் திரும்ப 1986 ஆயிற்று. ஒரு கலைஞனின் சோற்றில் கை வைத்த காரியம் அது, எந்தக் காலத்து வழக்கமாக இருந்தாலும். ஆனால் இந்த வழியின் பலவீனம் ஃப்ரீடின் குணத்தில் மட்டும் இல்லை. எல்லா அதிகாரமும் ஒரு மனிதரிடம் சேரும்போது எல்லாத் தாக்குதலும் அவர்மேல்தான் விழும். 1958-ல் பாஸ்டன் கச்சேரியில் கலவரம் என்று சொல்லி அவர்மேல் வழக்குப் போட்டார்கள், அதோடு அப்போது வேலை பார்த்த நியூயார்க்கின் டபிள்யூஐஎன்எஸ் நிலையத்திலிருந்து வெளியேறினார். டூயி ஃபிலிப்ஸ்மேல் அந்த மாதிரி வழக்கு எதுவும் இல்லை. நிலையம் முறையை மாற்றியது, 1958-ல் அவரை அனுப்பிவிட்டது, அவ்வளவுதான். அப்புறம் சின்னச் சின்ன நிலையங்களில் அலைந்து, 1968-ல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார்.

பட்டியல் நிலையத்தின் கையில்

ஃபிலிப்ஸை வெளியே தள்ளிய அந்த முறைக்குப் பெயர் டாப் ஃபார்ட்டி, அதாவது முன்னணி நாற்பது பாட்டு. ஓமஹாவில் நிலையம் நடத்திய டாட் ஸ்டோர்ஸ் ஒரு கடையில் ஜூக்பாக்ஸைக் கவனித்த கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். வாடிக்கையாளர்கள் நாள் முழுக்க அதே நாலைந்து பாட்டைப் போட்டார்களாம். கடை மூடும் நேரத்தில், அதையே கேட்டுச் சலித்திருக்க வேண்டிய பரிமாறும் பெண்ணும் தன் சொந்தக் காசைப் போட்டு அதே பாட்டைப் போட்டாளாம். ஜனங்களுக்குப் பிடித்ததைத் திரும்பத் திரும்பக் கொடு என்பதுதான் ஸ்டோர்ஸ் எடுத்துக்கொண்ட பாடம். டல்லாஸில் கார்டன் மெக்லெண்டன் அதோடு நிலையத்தின் பெயரைப் பாடும் ஜிங்கிள் என்ற குட்டிப் பாட்டையும் போட்டிகளையும் சேர்த்தார்.

டிஜேவுக்கு இதன் பொருள் ஒன்றுதான். ரெக்கார்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விட்டது. ஃப்ரீடை அனுப்பிய அதே டபிள்யூஏபிசி 1960-களில் நாட்டிலேயே பெயர் பெற்ற டாப் ஃபார்ட்டி நிலையமாக ஆனது. கடைகளில் எது விற்கிறது என்று வாராவாரம் விசாரித்துப் பட்டியல் போடுவார்கள். முதலிடத்துப் பாட்டு ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை வந்துவிடும். டிஜே அந்தப் பட்டியலைத் தாண்டி ஒரு பாட்டுப் போட முடியாது.

பிறகு அவருக்கு என்ன மிச்சம்? டபிள்யூஏபிசியின் டிஜே டேன் இங்ரமின் பதிவுகளைக் கேட்கும் வரை நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கிப் பாடகர் வாய் திறக்கும் வரை பத்துப் பதினைந்து நொடி வெறும் வாத்தியம் ஓடும். இங்ரம் அதற்குள் புகுந்து, விளம்பரத்தையோ வானிலையையோ பாட்டின் தலைப்பையோ வைத்து ஒரு குறும்பு செய்து, கடைசிச் சொல்லை முடிக்கவும் பாடகர் முதல் சொல்லை எடுக்கவும் சரியாக இருக்கும். ஒரு நூல் இடைவெளி இருக்காது. ஒரே பாட்டை ஒரே வாரத்தில் எத்தனையோ முறை அறிவித்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டால் கலை செத்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். அது இடத்தை மாற்றிக்கொண்டது.

காலக்கணக்கில் பார்த்தாலும் இந்த வழி நின்று பிடித்தது. இங்ரம் 1961-லிருந்து, அந்த நிலையம் பேச்சு நிலையமாக மாறிய 1982 மே 10 வரை அங்கேயே இருந்தார். கஸின் புரூசி என்ற புரூஸ் மாரோ 1961-லிருந்து 1974 வரை. 1965-ல் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் மேடையேறியபோது கூட இருந்தவர் அவர். 2020-ல் அதே டபிள்யூஏபிசிக்குத் திரும்பவும் வந்து சனிக்கிழமை இரவுகளில் பாட்டுப் போடத் தொடங்கினார்.

ஆனால் இந்த வழி பேயோலாவிலிருந்து காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. நியூயார்க்கின் டபிள்யூஎம்ஜிஎம் நிலையத்தில் பீட்டர் டிரிப் முன்னணிப் பாடல் வரிசையைத்தான் நடத்தினார். 1959 ஜனவரியில், குழந்தைகளுக்கான நிதி திரட்ட டைம்ஸ் சதுக்கத்தில் கண்ணாடிச் சாவடிக்குள் 201 மணி நேரம் தூங்காமல் ஒலிபரப்பியவர். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. பேயோலா வழக்கில் அவரும் தண்டிக்கப்பட்டார். 1960-க்குப் பிறகு பட்டியல் போடும் அதிகாரியிடம் அதிகாரம் போனது, அதை நாடி வரும் பணமும் அங்கேயே போனது. 1965-ல் லாஸ் ஏஞ்சலிஸின் கேஹெச்ஜேயில் பில் டிரேக் இன்னும் இறுக்கினார். பட்டியல் முப்பது பாட்டாகச் சுருங்கியது, பேச்சும் சில சொற்களாகச் சுருங்கியது. அந்த இறுக்கத்திலும் மின்னியவர்கள் உண்டு. எல்லோராலும் முடியவில்லை.

முதலாளியாவது

கிளார்க்கின் வழியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. அது டிஜே வேலையிலிருந்து வெளியே போகும் வழி. 1960 வசந்தத்தில் பேயோலாவை விசாரித்த நாடாளுமன்றக் குழு முன் அமைதியாகப் பதில் சொன்னார், குழுத் தலைவர் ஓரன் ஹாரிஸே அவரை நல்ல இளைஞர் என்று சொல்லி அனுப்பினார். கிளார்க்கின் தயாரிப்பாளர் டோனி மம்மரெல்லாவிடமும், பங்கா வேலையா என்ற ஏபிசியின் கேள்வி வந்தது. பங்குகளை வைத்துக்கொள்கிறேன் என்று அவர் வேலையை விட்டார். வரலாறு அவரை மறந்துவிட்டது. கிளார்க்கின் முகம், பொறுமை, கணக்கு மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். 25 வயதில் தன்னிடம் இருப்பது காது மட்டும்தான் என்று தெரிந்தவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

எல்லைக்கு அப்பால்

அமெரிக்காவில் ஒரு ஏஎம் (மீடியம் வேவ்) நிலையத்துக்கு உச்சவரம்பு 50,000 வாட். டெக்ஸஸ் எல்லையிலிருந்து ஆற்றைக் கடந்தால் மெக்ஸிகோவின் சியுதாத் அகூன்யாவில் எக்ஸ்இஆர்எஃப் நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் 250,000 வாட். புரூக்ளினில் பிறந்த ராபர்ட் ஸ்மித், 1960-களின் முற்பாதியில் அங்கே போய் ஓநாய் மாதிரி ஊளையிட்டு உல்ஃப்மேன் ஜாக் ஆனார். கறுப்பரா வெள்ளையரா, எங்கிருந்து பேசுகிறார் என்று எதுவுமே தெரியாமல் ஒரு கண்டத்துப் பிள்ளைகள் போர்வைக்குள் டிரான்ஸிஸ்டரை வைத்துக் கேட்டார்கள்.

பட்டியல் கிடையாது, மேலதிகாரி கிடையாது. கேட்டால் ஆசை வரும். ஆனால் அந்த அடுப்பு எரிந்தது மதப் பிரசங்கிகளின் காசில். நேரத்தை அரை மணி அரை மணியாக அவர்களுக்கு விற்று, மிச்ச நேரத்தில் அஞ்சல்வழிப் பொருள்களை விற்று, இடையில்தான் பாட்டு. 1971-ல் மெக்ஸிகோ அரசு அந்தப் பிரசங்கங்களைத் தடை செய்ததும் எல்லாம் சரிந்தது. அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் கேடிஏஒய் நிலையத்தில், முன்பு வந்ததில் ஒரு சிறு பங்குக்கு வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க்கிலிருந்து துரத்தப்பட்ட ஃப்ரீட் 1960-ல் வந்து சேர்ந்ததும் இதே கேடிஏஒய்தான். உல்ஃப்மேனைத் தூக்கிவிட்டது 1973-ம் வருஷம் அவர் தன்னையே நடித்த ஒரு படம். அதன் லாபத்தில் கிடைத்த சிறு பங்கு கடைசி வரை சோறு போட்டது.

அதே வருஷம் இந்த இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதின. நியூயார்க்கின் டபிள்யூஎன்பிசி நிலையம், கஸின் புரூசியை வீழ்த்த உல்ஃப்மேனைக் கொண்டுவந்தது. புரூசியின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று கல்லறைக்கல் வடிவத்தில் பேப்பர்வெயிட்டுகள் செய்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். ஒரு வருஷம் போனது. டபிள்யூஎன்பிசி புரூசியையே வேலைக்கு எடுத்துக்கொண்டது, உல்ஃப்மேன் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பினார்.

எஃப்எம் வரும் வரை

பொறுத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி இருந்தது, ஆனால் 1960-ல் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஏஎம் நிகழ்ச்சியையே எஃப்எம்மில் நாள் முழுக்க நகலெடுக்கக் கூடாது என்று 1960-களின் நடுவில் விதி வந்தது. நிலையங்களுக்குச் சரக்குத் தேவைப்பட்டது. டாப் ஃபார்ட்டியில் வெறுத்துப்போயிருந்த டாம் டானஹூ, சான் ஃபிரான்சிஸ்கோவில் எஃப்எம் நிலையங்களுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டு, ஃபோன் இணைப்பே துண்டிக்கப்படும் அளவுக்கு நொடித்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பார்கள். கேஎம்பிஎக்ஸ். 1967 ஏப்ரலில் தன் வீட்டு ரெக்கார்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தார். முழுச் சுதந்திரம். சம்பளம் சொற்பம். ஒரு வருஷத்துக்குள் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, கூட்டமாக வேறு நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. சில வருஷங்களில் எஃப்எம்முக்கும் பட்டியல் வந்துவிட்டது.

எல்லோருக்கும் திறக்காத கதவுகள்

இதுவரை சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. அந்த 25 வயது ஆள் கறுப்பினத்தவர் என்றால் டபிள்யூஏபிசியோ தேசியத் தொலைக்காட்சியோ 1960-ல் அவர் நினைத்துப் பார்க்கும் இடமே அல்ல. அவருக்கு இருந்தது மெம்ஃபிஸின் டபிள்யூடிஐஏ மாதிரி நிலையங்கள். உரிமையாளர்கள் வெள்ளையர், குரல்கள் கறுப்பினத்தவருடையவை. 1954-ல் அது 50,000 வாட்டுக்கு உயர்ந்தது. புளூஸ் பாடகர் பி.பி. கிங் அங்கே ஒரு டானிக் விளம்பரத்தோடுதான் தொடங்கினார். ரூஃபஸ் தாமஸ் டிஜேவாகவும் பாடகராகவும் பெயர் வாங்கிய பிறகும் 1963 வரை துணி ஆலை வேலையை விடவில்லை. இந்த நிலையங்களில் சம்பளம் குறைவு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படி இருந்தும் நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். குறிப்பாக இரண்டு பேர் போன தடத்தை.

மார்த்தா ஜீன் ஸ்டைன்பெர்க் 1954-ல் டபிள்யூடிஐஏயில் சேர்ந்தார். 1963-ல் டெட்ராய்ட் போனார். 1967-ல் அந்த நகரம் கலவரத்தில் பற்றி எரிந்தபோது ஏறக்குறைய 48 மணி நேரம் மைக்கை விட்டு நகராமல், வீட்டுக்குள் இருங்கள், அமைதியாக இருங்கள் என்று பேசிக்கொண்டே இருந்தார். பட்டியலில் எந்தப் பாட்டு இருந்தது என்பது அந்த இரண்டு நாளும் ஒரு பொருட்டே இல்லை. ஊர் அந்தக் குரலை நம்பியது. 1990-களில் அதே ஊரில் ஒரு நிலையத்தைச் சொந்தமாகவே வாங்கினார்.

மற்றவர் நாட் டி. வில்லியம்ஸ். மெம்ஃபிஸின் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ரூஃபஸ் தாமஸே அவருடைய மாணவர்தான். 1948 அக்டோபரில் டபிள்யூடிஐஏ அவரை மைக் முன்னால் உட்கார வைத்தது, அந்த ஊரின் முதல் கறுப்பின டிஜேயாக. டிஜேயாகப் புகழ் வந்த பிறகும் பள்ளியை விடவில்லை.

இதில் குறை இல்லாமல் இல்லை. கொச்சை என்று நிலையம் நினைத்த பாட்டுகளை அவரால் போட முடியாது. நிர்வாகம் அவர் கையில் இல்லை. ஆனால் அடுப்பு பள்ளிச் சம்பளத்திலும் எரிந்தது. ரெக்கார்டு கம்பெனி ஆள் கவரை நீட்டினாலும், நிலையம் நாளைக்கே முறையை மாற்றினாலும், அவர் வீட்டில் உலை வைப்பது நிற்காது. ஃப்ரீடுக்கும் டூயி ஃபிலிப்ஸுக்கும் இல்லாமல் போனது இதுதான். குடும்பம் பெரிது, ஊர் மாறத் தயார், வாயில் வேகம் இருக்கிறது என்றால் இங்ரம் வழியில் தாராளமாகப் போங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காது மட்டும்தான் என் சொத்து, என் ஊரும் எனக்கு வேண்டும் என்றால் வில்லியம்ஸ் மாதிரி பகல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு விளக்கு எரிந்ததும் வில்லியம்ஸுக்குச் சொல்ல வேண்டியது அத்தனையும் மறந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் அந்தச் சிரிப்போடுதான் நிகழ்ச்சி தொடங்கும். காலையில் ஒரு நிகழ்ச்சி, பிறகு பள்ளி, வகுப்பு முடிந்து மறுபடி நான்கு மணிக்கு மைக்.